சக்கையிலிருந்து வனிலா

லவுத்தோக்கா
18 ஜூன் 2000

அன்புள்ள வைஷுவுக்கு,

நீங்கள் ஆக்லாந்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தியை உன் அப்பா தொலைபேசியில் சொன்னார். நீ பேசவில்லை. தூங்குகிறாய் என்றார். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம்? நந்தி விமான நிலையத்தில் அவ்வளவு அழுதவள் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

இங்கே பள்ளி இன்னும் திறக்கவில்லை. தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் பாராளுமன்றத்துக்குள் பிணையாக அடைத்துவைத்தவர்களையும் இன்னும் விடவில்லை. கரும்பு வெட்டமாட்டோம் என்று விவசாயிகள் சொல்லிவிட்டதால் ஆலைப் புகைபோக்கி சும்மா நிற்கிறது. கரும்பு ரயில் ஓடாத ஜூன் மாதத்தை நான் பார்த்ததே இல்லை.

கரும்புச் சக்கை ஊறும் நம் ஆய்வு ஜாடிகள் நலம். பள்ளியைப் பூட்டுவதற்கு முன் ரவீந்திரா மாஸ்டர்ஜி அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். துணி துவைக்கும் தொட்டிக்கு மேலே உள்ள பலகையில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கம்லா ஆன்ட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா பேட்டி இது, மவளே, சக்கையே ஊறுகா போட்றியா?" என்று கேட்டார்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். பழைய சக்கைக் குவியலின் அடியிலிருந்து எடுத்த மண்ணைப் போட்ட ஜாடியில் வியாழக்கிழமை வனிலா வாசனை வந்தது. சத்தியமாக! அம்மாவும் முகர்ந்து பார்த்து ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை அது போய்விட்டது. வெறும் ஈர மண் வாசனைதான் மிச்சம்.

ஏன் என்று புத்தகத்தில் தேடினேன். சக்கையின் நாருக்குள் ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன அல்லவா? காரத்தில் ஊறவைக்கும்போது அவற்றில் ஒன்று ஃபெரூலிக் அமிலமாகப் பிரிந்து வருகிறது. மண்ணில் இருக்கும் பாக்டீரியாவின் நொதிகள் அதன் வாலை வெட்டினால் கிடைப்பது வனிலின். அதுதான் வனிலாவின் வாசனை. இதுவரை நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதே பாக்டீரியாவிடம் இன்னொரு நொதியும் இருக்கிறது. அது வனிலினையும் மாற்றி, கடைசியில் வளையத்தையே உடைத்துத் தின்றுவிடுகிறது. நமக்கு வேண்டியது அதற்கு நடுவழிச் சாப்பாடு! அது தின்பதற்குள் நாம் எடுத்துவிட வேண்டும். எப்படி என்று யோசி. நானும் யோசிக்கிறேன்.

உன்,
மாளவிகா


மவுண்ட் ராஸ்கில், ஆக்லாந்து
2 ஜூலை 2000

அன்பு மாளுவுக்கு,

அன்று தூங்கவில்லை. பேசினால் மறுபடி அழுகை வரும் என்று போர்வைக்குள் இருந்தேன். போதுமா?

இங்கே குளிர். அப்பா பொறியாளர் வேலைக்கு விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார். இப்போதைக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. "லவுத்தோக்காவிலே பாய்லரை ஓட்டின தீனதயாளன் இங்கே பன்னை எண்ணுறான்" என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். அம்மா சிரிப்பதில்லை. அடுத்த வாரம் வாடகை வீட்டுக்குப் போகிறோம். பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்தாகிவிட்டது.

பள்ளியில் யாரும் மோசமில்லை. ஆனால் மதியம் யாருடன் உட்கார்வது என்று தினமும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது முக்கியமான செய்தி. வேதியியல் ஆசிரியை மிஸஸ் ஹாலோவேயிடம் நம் ஜாடிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்! ஆகஸ்டில் வட்டார அறிவியல் கண்காட்சி இருக்கிறது. நம் இருவர் பெயரிலும் வைக்கலாமாம். இன்னொன்று: இந்தப் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் தீவுகளிலிருந்து ஒரு மாணவிக்குக் கட்டணமில்லாத இடம் கொடுக்கிறார்கள். நம் ஆய்வு நன்றாக வந்தால் அடுத்த ஆண்டுக்கு உன்னைச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். நீ எங்கள் வீட்டிலேயே தங்கலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

மண்ணை அனுப்பிவிடாதே. இங்கே ஷூவில் ஒட்டின மண்ணைக்கூட விமான நிலையத்தில் கழுவினார்கள். ஜாடி வேலை உன்னுடையது. வடிதாள் துண்டுகளில் சாற்றைத் தோய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்து, உயிர் எதுவும் இல்லாமல் காயவைத்து அனுப்பலாமாம். வனிலின் இருக்கிறதா என்று நான் இங்கே சோதிக்கிறேன்.

மாளு, பிப்ரவரியில் நீ இங்கே இருக்கலாம். யோசித்துப் பார்.

உன்,
வைஷு


லவுத்தோக்கா
16 ஜூலை 2000

அன்புள்ள வைஷுவுக்கு,

உன் கடிதத்தை நான்கு பேர் படித்துவிட்டோம். நான், அம்மா, அப்பா, பிறகு மறுபடி நான்.

அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. மருத்துவமனையில் அவருடன் வேலை பார்த்த டாக்டர்களில் பாதிப் பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். "எல்லாரும் போயிட்டா ஊசி யார் போடறது?" என்பதுதான் அவருடைய கேள்வி. ஆனால் நேற்று, "நீ படிக்கப் போறது வேற விஷயம்" என்றார். அது சம்மதம்தான். எனக்கு அம்மாவைத் தெரியும்.

பாராளுமன்றத்தில் பிணையாக இருந்தவர்களை விட்டுவிட்டார்கள். ஆனால் மொனசாவு அணையைச் சிலர் கைப்பற்றியதால் தீவு முழுக்க மின்வெட்டு. அப்பா மின்சாரத் துறையில் இருப்பதால் கம்லா ஆன்ட்டிக்கு அவர்மேல்தான் சந்தேகம். "கோபாலகிருஷ்ணன் பாய், என் வூட்டு பல்பு மேலே உங்களுக்கு இன்னா கோவம்?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார். ஜாடிகளுக்குச் சூடு கொடுத்த பல்பும் அணைந்துபோவதால் வெந்நீர்ப் பாட்டில்களோடு சேர்த்துத் துண்டில் சுற்றி வைக்கிறேன்.

வழி கிடைத்துவிட்டது! தேங்காய்ச் சிரட்டைக் கரி. பொடித்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சின்ன மூட்டையாகக் கட்டி ஜாடிக்குள் தொங்கவிட்டேன். வனிலின் உண்டாக உண்டாகக் கரி இழுத்து ஒளித்துவைத்துக்கொள்கிறது. பாக்டீரியாவால் அதைத் தேடித் தின்ன முடியாது. பிறகு மூட்டையை எடுத்து அம்மாவின் ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் வனிலின் வெளியே வரவேண்டும். எனக்கு வாசனை வருகிற மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் ஆசைப்பட்டு முகர்கிற மூக்கை நம்பக்கூடாது. அந்தச் சாற்றில் தோய்த்த தாள்கள் ஆறு இத்துடன் இருக்கின்றன. கடிதத்தின் மடிப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடிதத்தின் மூலைகளைப் பார்த்துச் சிரிக்காதே. புது வீட்டுக்குப் போகிற முதல் கடிதம், அதுவும் நல்ல காரியம் பற்றியது என்று அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டார். குழைத்துத் தடவினார், கை தாராளம். ஒட்டுவதற்கு முன் விசிறிக் காயவைத்தேன்.

உன்,
மாளவிகா


மவுண்ட் ராஸ்கில்
6 ஆகஸ்ட் 2000

மாளு, மாளு, மாளு!

ஜெயித்துவிட்டோம். வட்டாரத்தில் முதல் பரிசு!

வரிசையாகச் சொல்கிறேன். உன் தாள்களை நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தேன். போட்டதுமே நல்ல சிவப்பாக இறங்கியது. சக்கையின் நிறம் என்று மிஸஸ் ஹாலோவேயும் நினைத்தார். அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு அமிலம் விட்டுச் சமன் செய்து, சோதனைத் தாளில் பொட்டு வைத்து, அதன் கீழ்நுனியைக் கரைப்பானில் நிறுத்தி ஏறவிட்டேன். பக்கத்திலேயே கடையில் வாங்கின வனிலா எசென்ஸ் ஒரு பொட்டு. இரண்டும் ஒரே உயரத்தில் வந்து நின்றன, அதாவது இரண்டும் ஒரே பொருள். நம்முடையது எசென்ஸுக்குச் சமமாகப் பெரிதாக இருந்தது!

நடுவர்களில் ஒருவர் பல்கலைக்கழகக்காரர். மின்வெட்டில் வெந்நீர்ப் பாட்டிலோடு என் தோழி செய்தாள் என்று சொன்னதும் உன் பெயரை எழுதிக்கொண்டார். இந்த வட்டாரப் பத்திரிகையில் என் படம் வந்தது. அப்பா அதை ரொட்டித் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினார். இங்கே வந்த பிறகு அவர் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை.

இடம் உனக்குத்தான். நவம்பரில் முறையான கடிதம் வரும். அம்மா என் அறையில் இன்னொரு கட்டிலைப் போட்டுவிட்டார். ஜன்னல் பக்கம் உனக்கு. சண்டைக்கு வராதே, முடிவாகிவிட்டது.

உன்,
வைஷு


லவுத்தோக்கா
20 ஆகஸ்ட் 2000

அன்புள்ள வைஷுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அப்பா கேசரி கிண்டினார். அம்மா பெட்டி எவ்வளவு கனம் இருக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை எழுதிவிட்டு நிறுத்தத்தான் ஆசை. ஆனால் முடியவில்லை.

கம்லா ஆன்ட்டியின் மகள் சுஷீலா அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். ஆரத்தி கரைக்கிற வேலை எனக்கு. தட்டில் மஞ்சள் நீர் இருந்தது. சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினேன். சிவந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் அன்று உன் கடிதத்தில் இருந்த ஒரு வரி நினைவுக்கு வந்துவிட்டது. "போட்டதுமே நல்ல சிவப்பாக இறங்கியது."

"அரே பேட்டி, தட்டே புடிச்சிக்கினு செல மாதிரி நிக்கிறே. கொழந்தே பசியிலே கத்துது, சுத்து சுத்து!" என்று கம்லா ஆன்ட்டி விரட்டினார்.

வைஷு, சக்கைச் சாறு காரத்தில் பழுப்பாகத்தான் இருக்கும். நாம் எத்தனை ஜாடி பார்த்திருக்கிறோம். சுண்ணாம்பும் காரம், காஸ்டிக் சோடாவும் காரம். சிவந்தது அம்மாவின் மஞ்சள். மடிப்பில் இருந்த தாள்களில் ஒட்டியிருக்கிறது.

அப்படியானால் வனிலின் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். நானும் கேட்டேன். மஞ்சளின் நிறப்பொருளில் நம்முடைய அதே வளையம் இரண்டு இருக்கிறது. காரத்தில் அது உடைந்தால் கிடைக்கிற பொருள்களில் வனிலினும் ஒன்று. புத்தகத்தில் இருக்கிறது. சோதித்தும் பார்த்தேன். புதிய வடிதாளில் மஞ்சளை மட்டும் தடவி, நீ செய்தபடியே செய்தேன். எசென்ஸுக்குச் சமமான பொட்டு. மஞ்சள் படாத என் சாற்றுத் தாளில் மிகவும் மங்கலாக ஒன்று தெரிகிறது, தெரியவில்லை என்றும் சொல்லலாம். சாறு தோய்க்காத வெறும் தாள் ஒன்றைக் கூடவே வைத்து அனுப்பியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை.

மிஸஸ் ஹாலோவேயிடம் சொல்லிவிடு. நீயே சொன்னால் நல்லது.

உன்,
மாளவிகா


மவுண்ட் ராஸ்கில்
3 செப்டம்பர் 2000

மாளுவுக்கு,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் தாழிட்டுக்கொண்டு படித்தேன்.

சொல்லமாட்டேன். கோபப்படாமல் கேள். மங்கலாக இருந்தாலும் உன் ஜாடியில் வனிலின் இருக்கிறது. நீயே முகர்ந்தாய், உன் அம்மாவும் முகர்ந்தார். அப்படியானால் நாம் சொன்னது பொய் இல்லை, அளவுதான் தப்பு. மஞ்சளில் இருப்பதும் அதே வளையம், வருவதும் அதே வனிலின். யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் யாருக்கு என்று நான் சொல்கிறேன். உனக்கு. இடம் போய்விடும். எனக்கு. இங்கே வந்து மூன்று மாதத்தில் பள்ளியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்ததே அந்தப் பரிசுக்குப் பிறகுதான். அம்மா கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அப்பா படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

நீ இங்கே வந்த பிறகு இரண்டு பேரும் ஒழுங்காக மறுபடி செய்வோம். அப்போது உண்மையாகிவிடும். அதுவரை பொறுக்க முடியாதா? அல்லது உனக்கு வரவே இஷ்டமில்லையா? இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லு டி. மஞ்சளைக் காரணம் காட்டாதே.

வைஷாலி


லவுத்தோக்கா
17 செப்டம்பர் 2000

அன்புள்ள வைஷுவுக்கு,

எனக்கு வர இஷ்டம். பள்ளி திறந்துவிட்டது. நம் பெஞ்சில் இப்போது நான் மட்டும்தான். நேஹா கனடா போகிறாள். ரவீந்திரா மாஸ்டர்ஜியும் டிசம்பரில் போகிறார். எனக்கு எவ்வளவு இஷ்டம் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் நாம் எழுதிக்கொடுத்தது "வனிலின் கிடைத்தது" என்று இல்லை. "மண்ணில் உள்ள பாக்டீரியாவின் நொதி சக்கையிலிருந்து வனிலின் செய்தது" என்று. அதை நொதி செய்யவில்லை. காஸ்டிக் சோடா செய்தது. அந்தப் பல்கலைக்கழகக்காரர் நம் முறையை நம்பி யாரையாவது செய்யச் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் வராது. தங்கள் கையில்தான் தப்பு என்று நினைப்பார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். மஞ்சள் தடவியது தான் என்று வருத்தப்பட்டார். பிறகு, "தப்பான ரிப்போர்ட்டை வச்சு நான் ஒருத்தருக்கு மருந்து குடுப்பேனா?" என்று கேட்டார். பெட்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மாத முடிவுவரை காத்திருக்கிறேன். நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். உனக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்றுதான் முன்கூட்டியே சொல்கிறேன்.

உன்,
மாளவிகா


லவுத்தோக்கா
22 அக்டோபர் 2000

அன்புள்ள வைஷுவுக்கு,

என் சென்ற கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்தேன். மாதம் முடிந்ததும் மிஸஸ் ஹாலோவேக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். மஞ்சள் எங்கள் வீட்டிலிருந்து வந்தது, வெறும் தாள் வைக்க மறந்தது நான், ஆகஸ்டிலேயே எனக்குத் தெரியும், எல்லாம் எழுதினேன். உன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அவருடைய பதில் திங்கட்கிழமை வந்தது. அதைப் படித்த பிறகு உனக்கு எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

செப்டம்பர் கடைசியிலேயே நீ அவரிடம் போய்ச் சொல்லிவிட்டாயாம். உங்கள் சமையலறை மேடையில் தாள்களை வைத்ததாகவும், அங்கே இருந்த மஞ்சள்பொடி ஒட்டிவிட்டதாகவும், கவனக்குறைவு முழுக்க உன்னுடையது, மாளவிகா அனுப்பிய தாள்கள் சுத்தமானவை என்றும் சொன்னாயாம். பரிசை நீயே திருப்பிக் கொடுத்தாயாம். அவர்களும் அதை ஏற்றுக்கொண்டு, இடத்துக்கு என் பெயரை அப்படியே வைத்திருந்தார்களாம். பிறகு என் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னதால் எது சரி என்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்டதாக எழுதியிருக்கிறார். நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. இடத்தை டோங்காவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடிதம் மரியாதையாகத்தான் இருக்கிறது. என்மேல் வருத்தமில்லை என்றும் இருக்கிறது. உன்னைப் பற்றி அப்படி ஒரு வரி இல்லை.

நீ ஏன் எனக்குப் பதில் எழுதவில்லை என்று இப்போது புரிகிறது. எழுதியிருந்தால் அந்தச் சமையலறைக் கதைக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ சொல்லிவிட்டாய் என்று ஒரு வரி வந்திருந்தால் நான் எழுதியே இருக்கமாட்டேன். இன்னும் ஒரு வாரம் நான் பொறுத்திருந்தாலும் ஒருவேளை அப்படித்தான். இதைத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னது தப்பு என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. நீ சொல்லமாட்டாய் என்று நினைத்தேனே, அது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் அப்பா மாட்டின படத்தை எடுத்துவிட்டார்களா? அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மற்ற செய்திகள். ஆலை ஓடுகிறது. கரும்பு ரயில் எங்கள் தெருக் கோடியைத் தாண்டும்போது பையன்கள் பழையபடி பின்னால் ஓடிக் கரும்பு உருவுகிறார்கள். புதுச் சக்கை வேண்டிய அளவு கிடைக்கிறது. பன்னிரண்டு ஜாடிகள் வைத்தேன். பாதியில் மண், பாதியில் மண் இல்லை. எல்லாவற்றிலும் கரி மூட்டை. மண் இல்லாத ஆறிலும் ஒன்றும் வரவில்லை. மண் உள்ள ஆறில் நான்கில் பொட்டு வந்திருக்கிறது. எசென்ஸோடு ஒப்பிட்டால் கொசு அளவுதான். ஆனால் அதே உயரம். மாஸ்டர்ஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ச்சோட்டா ஹை, லேக்கின் ஹை" என்றார். சின்னதுதான், ஆனால் இருக்கிறது. நீ முன்பு சொன்னாயே, ஜாடியில் வனிலின் இருக்கிறது என்று. அதில் நீ சொன்னது சரி.

இது கண்காட்சிப் பரிசுக்கான அளவு இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் ஒரு மேஜை கொடுக்கிறார்கள். அட்டையை எழுதிவிட்டேன். மண்ணை எங்கே எடுப்பது என்று கண்டுபிடித்தது நீ. அதனால் உன் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் எழுதியிருக்கிறேன். விழா நவம்பர் பதினேழாம் தேதி. உன் பெயர் இருக்கக்கூடாது என்றால் ஒரு வரி எழுது, எடுத்துவிடுகிறேன். ஒன்றும் வராவிட்டால் இருக்கட்டும் என்று எடுத்துக்கொள்வேன்.

அஞ்சலகத்தில் எங்கள் தபால் பெட்டியைத் தினமும் திறப்பது அப்பாதான். முன்பெல்லாம் அவர் கார் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிக் கேட்பேன். இப்போது, ஆக்லாந்திலிருந்து வந்தால் மட்டும் சொல்லுங்கள், வராத நாளில் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன்,
மாளவிகா